மேலத்தெருவுக்குச் சிவப்பு மூடி

— எந்திரிங்கம்மா. அது உக்கார்ற பெட்டி இல்ல. உள்ள எல்லாம் கொசு எண்ணெய், கண்ணாடி பாட்டில்.

— ஒடைஞ்சா ஒடையட்டும். பூட்டைத் திறந்து ஒரு சிவப்பு மூடி பாட்டிலை எடுத்து என் கையில குடு. அப்புறம் நீ பெட்டியைத் தூக்கிட்டுப் போ, ஜீப்பைத் தூக்கிட்டுப் போ, எவன் கேக்குறான்? அது வரைக்கும் இந்தப் பாண்டியம்மா எந்திரிக்க மாட்டா.

— கீழத்தெருவுக்கு நீல மூடி. மேலத்தெருவுக்குச் சிவப்பு மூடி. மொத நாளே தமுக்கடிச்சுச் சொல்லியாச்சு. ரூல்னா ரூல். உங்க வீட்டுக்கு நீலம்தான். இந்தாங்க, பிடிங்க.

— அந்த நீலத்தைக் கொண்டுபோய் உன் தலையில தேய்ச்சுக்க. நல்லா முடி வளரும்.

— மரியாதையாப் பேசுங்க. விடியுறதுக்கு முன்னாடி மதுரை வில்லாபுரத்துல இருந்து மலேரியா ஆபீஸ் ஜீப்புல கிளம்பி, வெறும் வயித்தோட இந்தத் தூசியில வந்து நிக்குறேன்.

— நான் பெரியாஸ்பத்திரியில இருந்து வாரேன்யா. எம்மவன் தவசி அங்க கண்ணைத் திறக்காமக் கெடக்கான். ஆறு வயசுப் பய. மலேரியாக் காச்சல் மூளைக்கு ஏறிருச்சுங்குறாரு டாக்டரு. எம்புருசனை அவன் பக்கத்துல உக்கார வச்சுட்டு, இந்தப் பால்குடிப் பிள்ளைக்கு மாத்துத்துணி எடுக்கத்தான் வந்தேன். வந்தா வாசல்ல நீ நிக்குற. பாப்பா விரலை நீட்டு, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணுங்குற. ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?

— பையன் விஷயம் கேள்விப்பட்டேன். எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவனுக்கு சாயங்காலம் தவறாமத் தடவியிருந்தீங்கன்னா இது வந்திருக்காது.

— என்ன சொன்ன?

— தடவலைன்னு சொன்னேன்.

— ஏய்யா, நீ எம்வீட்டுக்குள்ள வந்து பார்த்தியா? விளக்கு வைக்குறதுக்கு முன்னாடி, பய விளையாட ஓடுறவனை இழுத்துப் பிடிச்சு, காது மடல்ல இருந்து கணுக்கால் வரைக்கும் அழுத்தித் தடவுவேன். நாறுது நாறுதுன்னு அழுவான். முதுகுல ரெண்டு வச்சுத் தடவுவேன். அய்யனார் மேல சத்தியம். ஒருநாள் விட்டதில்ல.

— எல்லா ஊர்லயும் எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. திரும்பிப் பார்த்தா பாட்டில் விளக்குல எரியுது. ஒரு வீட்டுல மாட்டுக்குத் தேய்ச்சு விட்டிருந்தாங்க. நீங்களும் அப்படித்தான்.

— நாக்கு அழுகிப்போகும் ஒனக்கு!

— இங்க பாருங்கம்மா. நான் சும்மா சொல்லல. உங்க தெருவுல மத்த வீடுகளைப் பாருங்க. காய்ச்சல் இருக்கா? உங்க வீட்டுல மட்டும் வந்திருக்குன்னா என்ன அர்த்தம்? நீங்க தடவல. அதை ஒத்துக்கங்க. நான் என் சார்ட்டுல அப்படிப் போட்டுட்டுப் போறேன்.

— போட்டுக்க. பெத்தவ சோம்பேறி, அதனால பிள்ளை சாகக் கெடக்குதுன்னு போட்டுக்க. மருந்தே இல்லாத எண்ணெயைக் குடுத்துட்டு, எழுதுறதுல மட்டும் ஒண்ணும் கொறைச்சல் இல்ல.

— மருந்து இல்லாததுன்னு யாரு சொன்னா?

— உன் ஜீப்பு ஓட்டுறானே காளை, அவன்தான். சோழவந்தான் டீக்கடையில வச்சு எங்க தெரு ஆளுககிட்ட எல்லாத்தையும் உளறிட்டான். ஒரு மூடியில கொசு கடிக்காத மருந்தாம். இன்னொரு மூடியில வெறும் எண்ணெயாம், வாசத்தை மட்டும் கலந்து ஏமாத்துறீகளாம். இல்லைன்னு சொல்லு பார்ப்போம்.

— காளையோட நான் அப்புறம் பேசிக்கிறேன்.

— இல்லைன்னு சொல்லு.

— ஆமா. அப்படித்தான். அதுக்குப் பேருதான் சோதனை.

— சோதனையாம்ல. நாங்க என்ன, கூண்டுல அடைச்ச எலிகளா?

— பவுடர் பவுடரா அடிச்சுப் பார்த்தாச்சு. கொசு அதைக் குடிச்சிட்டுக் கொழுத்துத் திரியுது. இந்த எண்ணெயைத் தடவினாக் காய்ச்சல் கொறையுதான்னு தெரிஞ்சாத்தான், அடுத்த வருஷம் ஜில்லா பூரா கொடுக்கச் சொல்லிக் கேக்க முடியும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா. ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் தெரியும். தனக்கு எதுன்னு தெரிஞ்சிட்டா எவனும் ஒழுங்காத் தடவ மாட்டான். அதனாலதான் சொல்லல.

— எது மருந்துன்னு ஒனக்குத் தெரியுமா?

— மருந்தைக் கலக்குறது எங்க டாக்டர். கூட நிக்குறது நான். எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

— அப்பச் சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— பிள்ளை சாகக் கெடக்குதுய்யா!

— அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்களுக்குச் சொன்னா நாளைக்கு ஊருக்கே தெரியும். ஒன்றரை வருஷ வேலை, பதினாலு ஊர் சோதனை, எல்லாம் குப்பைக்குப் போகும்.

— நீ சொல்லவே வேணாம். எங்களுக்கே தெரியும், சிவப்புதான் மருந்து. மூடியைத் திறந்தா மூக்குல சுள்ளுன்னு ஏறுது. நீலம் சவசவன்னு இருக்கு. மேலத்தெருக்காரன் வசதியானவன், அவனுக்கு மருந்தைக் குடுத்துட்ட. நாங்க கொடிக்கால்ல கூலிக்கு வெத்தலை கிள்ளுற சனம், எங்களைக் கொசுவுக்குப் போட்டுட்ட.

— வாசத்தை வச்சு முடிவு கட்டாதீங்க. அப்படி நானா சொன்னேன்?

— மதுரையைச் சுத்தி எம்புட்டு ஊரு கெடக்கு. எங்க ஊரை ஏன்யா புடிச்ச?

— இங்க கம்மா இருக்கு, கொடிக்கால் ஈரம் இருக்கு, கொசு இருக்கு.

— அம்புட்டுத்தானா?

— சரி, சொல்றேன். உங்க ரெண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு சிரட்டை நெருப்புக்கூட அங்கயும் இங்கயும் போகாது. மத்த ஊர்கள்ல என்னாச்சு தெரியுமா? பாட்டிலைக் கொடுத்த ரெண்டாவது நாளே மச்சான் வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்குன்னு எல்லாம் கலந்துபோச்சு. எதை எவன் தடவினான்னே தெரியல. உங்க ஊர்ல மட்டும்தான் பாட்டில் தெரு தாண்டாது. அதனால புடிச்சேன்.

— அடப் பாவி. எங்க பகை ஒனக்கு வேலியாப் போச்சா?

— நானா மூட்டிவிட்டேன்? கெடாவெட்டுல தலை யாருக்குன்னு நீங்களே அடிச்சுக்கிட்டீங்க.

— அடிச்சுக்கிட்டோம். அஞ்சு வருசமாச்சு. இந்த ஆடியில ரெண்டு தெருவும் ஒண்ணாப் பொங்கல் வைக்குறதுன்னு பேசி முடிச்சாக. நான் பொறந்தது மேலத்தெருவுல. வாக்கப்பட்டது கீழத்தெருவுல. எங்கண்ணன் வீட்டு வாசலை மறுபடி மிதிக்கப் போறேன்னு புதுச்சேலை எடுத்து வச்சிருந்தேன். நடுவுல வந்து நாட்டாமைககிட்ட நீ என்ன சொன்ன?

— தை வரைக்கும் தள்ளிப் போடுங்கன்னு சொன்னேன்.

— முழுசாச் சொல்லு.

— இப்பச் சேர்ந்தா பாட்டில் வர்றது நின்னுபோகும்னு சொன்னேன். போதுமா?

— எண்ணெய்க்கு ஆசைப்பட்டு அவுகளும் தலையை ஆட்டிட்டாக. அந்தச் சேலை இன்னும் பொட்டியிலதான் கெடக்கு. நீயெல்லாம் படிச்ச மனுசனா?

— யாருய்யா அது, எந்தங்கச்சிகிட்டக் கத்திக்கிட்டு நிக்குறது?

— வந்துட்டாருய்யா இன்னொருத்தர். நீங்க மேலத்தெரு மொக்கையன்தானே? காலையில உங்க வீட்டுல பாட்டில் கொடுத்துட்டுத்தானே வந்தேன். இந்தத் தெருவுக்குள்ள எப்படி வந்தீங்க?

— காலால நடந்துதான் வந்தேன். அதுக்கும் உங்ககிட்டச் சீட்டு வாங்கணுமா சாரே?

— நீ எதுக்கு இங்க வந்த? போயிரு. என் வாசல்ல நிக்காத.

— பாண்டி, ஒரு நிமிசம் கேளு.

— என்னத்தைக் கேக்க? நம்ம ஐயா செத்த அன்னிக்கு என்னைத் தெருமுக்குலயே நிறுத்தி வச்சீக. கீழத்தெருக்காரி உள்ள வரக்கூடாதுன்னு. பாடை போகையில தூரத்துல நின்னு பார்த்தேன். அப்ப எங்க போச்சு இந்தத் தங்கச்சி?

— வைய்யி. நல்லா வைய்யி. நான் வாயைத் திறக்கல. ஆனா மருமகன் ஆஸ்பத்திரியில கெடக்கான்னு கேட்டப்பெறகு என்னால வீட்டுல உக்கார முடியலத்தா. இன்னிக்கு எவன் என்ன சொன்னாலும் சரி. தெருவை விட்டுத் தள்ளி வைக்கட்டும், தண்ணியை நிறுத்தட்டும். இந்தா, பிடி. காலையில இவர் குடுத்த பாட்டில். மூடியே திறக்கல. பாப்பாவுக்குத் தடவு.

— கொடுக்காதீங்க! அது மேலத்தெரு பாட்டில். தெரு மாறக்கூடாது.

— மாறக்கூடாதா? சாரே, என்னமோ இன்னிக்குத்தான் மாறுற மாதிரிப் பேசுறீக.

— அண்ணே, வாயை மூடு.

— ஏன் மூடணும்? களவா செஞ்சோம்?

— என்ன சொல்றீங்க? இதுக்கு முன்னாடியும் கொடுத்திருக்கீங்களா?

— ஆமா, குடுத்தேன். வைகாசியில இருந்து வாராவாரம் குடுத்தேன். சிவப்புதான் மருந்துன்னு ஊர் பூரா பேச்சு. எம்மருமகனைக் கொசு பிடுங்க, எம்பிள்ளைக மட்டும் மருந்தைப் பூசிக்கிட்டுத் தூங்குறதா? சோறு எறங்குமா எனக்கு? கம்மாய் மடைக்குப் பின்னாடி கொண்டு போய் வச்சுட்டு வந்துருவேன். இவ துணி துவைக்கப் போறப்ப எடுத்துக்குவா. ஒரு வார்த்தை பேசிக்கிட்டது இல்ல.

— ஐயோ, ஐயோ. அப்ப உங்க பையனுக்கு நீங்க தடவினது சிவப்பா?

— ஆமாய்யா, சிவப்புதான். ஒருநாள் விடாமத் தடவினேன்னு சொன்னேன்ல, அது சத்தியம். எது தடவினேன்னு நீ கேக்கல, நான் சொல்லல.

— வாராவாரம் நான் வந்து நிக்குறேன். தடவுறீங்களான்னு கேக்குறேன். ஆமா ஆமான்னு தலையை ஆட்டுனீங்களே! உங்களாலதான் இந்தச் சோதனையே நாசமாப் போச்சு. உங்க நீலத்தை என்ன பண்ணீங்க? கொட்டிட்டீங்களா?

— கொட்டுவேனா? அண்ணன் பாட்டில்ல ஊத்தி அனுப்பிட்டேன்.

— எதுக்கு?

— என்ன கேள்வி இது? உங்க வீட்டுப் பொம்பளைகளைப் போய்க் கேளு. பொறந்த வீட்டுல இருந்து ஒரு பாத்திரம் வந்தா எவளாச்சும் வெறுமனாத் திருப்பி அனுப்புவாளா? ரெண்டு காய்ஞ்ச மொளகாயாச்சும் போட்டுத்தான் அனுப்புவோம். சிவப்பை எங்க வீட்டுச் செம்புல ஊத்திக்கிட்டு, அந்தப் பாட்டில் நெறைய எங்க நீலத்தை ஊத்தி, அதே மூடியைப் போட்டு மடையில வச்சிருவேன். வெறும் எண்ணெய்தான், தலைக்காச்சும் ஆகட்டும்னு.

— நாங்க தலைக்குத் தேய்க்கல ஆத்தா. எங்க வீட்டுக்காரி அதைத்தான் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடவினா. நாத்தனா குடுத்து விட்டது, மருந்தா இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னா.

— ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் பேச்சை நிறுத்துங்க. இதெல்லாம் எப்ப நின்னுச்சு? இல்ல, இன்னும் நடக்குதா?

— பங்காளிக பார்த்துட்டாங்க சாரே. கீழத்தெருவுக்கு ஒரு சொட்டுப் போனாலும் ஒன் குடும்பத்தைத் தள்ளி வச்சிருவோம்னு காளியம்மனுக்குக் கூழ் ஊத்துன வெள்ளிக்கிழமை என்னை நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேட்டாங்க. அன்னியோட நிறுத்திட்டேன். கோழைப்பய நான். அன்னிக்கே எதுத்து நின்னிருக்கணும்.

— நிறுத்துனாரு. நானும் வேற வழியில்லாம எங்க நீலத்தைத் தடவினேன். ஒரே வாரம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எம்பிள்ளைக்குக் குளிர் எடுத்துருச்சு. மூணு போர்வை போட்டும் கட்டிலோட ஆடுறான். அண்ணன் எண்ணெய் இருந்த வரைக்கும் என் வீட்டுல ஒரு காச்சல் கெடையாது. ஒன் எண்ணெய் வந்த ஒரே வாரத்துல பிள்ளை விழுந்துட்டான். இப்பச் சொல்லு. எது மருந்துன்னு தெரிய நான் படிக்கணுமா?

— ஒரே வாரமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெள்ளிக்கு வெள்ளியா?

— பெத்தவளுக்குத் தெரியாதா?

— கொசு கடிச்ச அன்னிக்கே காய்ச்சல் வராதும்மா. கடிச்சதுக்கு அப்புறம் பத்து நாள், பதினஞ்சு நாள் உள்ளயே இருந்து வளர்ந்துதான் குளிரும்.

— அதுக்கென்ன இப்ப?

— ஒண்ணுமில்ல.

— என்ன ஒண்ணுமில்ல? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— மொக்கையன், உங்க பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துச்சா?

— எங்க வீட்டுலயா? மேலத்தெருவுல வீட்டுக்கு ஒருத்தன் போத்திக்கிட்டு நடுங்குறான் சாரே. பங்காளிப்பயக ஒழுங்காத் தடவல போல, விளக்குல ஊத்தியிருப்பானுக. எம்பிள்ளைக நாலு பேருக்கும் ஒரு தும்மல் கெடையாது. மனசாரக் குடுத்தேன், அய்யனாரு கைவிடல.

— அதே அய்யனாரு என்னை மட்டும் ஏன்ணே கைவிட்டாரு?

— விடல தாயி. நான்தான் நடுவுல நிறுத்திட்டேன். குத்தம் என்னுது. இந்தா, இனிமே எங்க வீட்டுப் பாட்டில் எல்லாம் ஒனக்குத்தான். மடைக்குப் பின்னாடி இல்ல, பகல்ல, ஊர் பார்க்கக் கொண்டாந்து குடுப்பேன். பாப்பாவைக் காப்பாத்து. தவசி எந்திரிச்சு வரட்டும், அவனுக்கும் தடவு.

— எம்புட்டு வருசமாச்சு நீ என்னைத் தாயின்னு கூப்பிட்டு. குடுண்ணே. எம்பொறந்த வீட்டு எண்ணெய்தான் எம்பிள்ளைகளைக் காப்பாத்தும். ஏய்யா, ஒன் பெட்டியை எடுத்துக்க. நான் எந்திரிச்சுட்டேன். ஒன் நீலம் எங்களுக்கு வேணாம்.

— பாண்டியம்மா, அவசரப்படாதீங்க. அந்த மூடியைத் திறக்காதீங்க.

— இன்னும் ரூலா? இந்தாடி பாப்பா, காலை நீட்டு.

— ரூல் இல்லம்மா. கேளுங்க. ரெண்டு நாள் பொறுங்க. நான் டாக்டரைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்.

— ரெண்டு நாளாம்ல! இன்னிக்குப் பொழுதடைஞ்சதும் கொசு வரும். ஒன் டாக்டரைக் கேட்டுட்டா வரும்?

— சாரே, இம்புட்டு நேரம் நல்லா விறைச்சுக்கிட்டு நின்னீக. இப்ப எதுக்கு அவ கையைப் பிடிக்குறீக? எடுங்க கையை. தங்கச்சி மேல கை பட்டுச்சுன்னா ஜீப்பு வரைக்கும் நடந்து போக மாட்டீக.

— அடிச்சாலும் பரவாயில்ல. என்னைச் சொல்ல வைக்காதீங்கன்னு கெஞ்சுறேன். உங்க ரெண்டு பேருக்காகத்தான் கெஞ்சுறேன்.

— எங்களுக்காகவா? எம்பிள்ளை விழுந்தப்பெறகு எங்க மேல பாசம் பொத்துக்கிட்டு வருதோ? சொல்லுய்யா. எதை மறைக்குற? சொல்லாட்டி இந்த ஜீப்பு இந்தத் தெருவைத் தாண்டாது. எம்பாப்பாவுக்கு இதைத் தடவ விடாம ஏன் தடுக்குற?

— ஐயோ, தடவாதீங்கம்மா. சிவப்புல வெறும் எண்ணெய்தான். பாப்பாவுக்காவது உங்க நீலத்தைத் தடவுங்க.